ஜன்னலுக்குத் திரை போட்ட வீடு

"ஒண்ணே ஒண்ணு கேளு, லவீனியா. எதுவா இருந்தாலும் முடியாதுன்னு சொல்ல மாட்டேன்" என்றான் ஏமஸ், கல்யாணத்தன்று.

"இப்ப வேண்டாம். நீங்க தப்பிக்கவே முடியாத நேரமாப் பாத்துக் கேக்கறேன்" என்று அவள் சிரித்தாள்.

இரண்டு வருஷமாக அது அவள் நாக்கு நுனியிலேயே இருந்தது. குதிரைப்படை கிளம்பும்போது தன்னையும் அழைத்துப் போக வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு கோடையிலும் லெப்டினன்ட் ஏமஸ் குதிரையேறிப் போவான். அவள் கான்சாஸ் கோட்டையில் காத்திருப்பாள். கேட்டு, அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவன் மறுத்துவிட்டால்? வாக்குத் தவறியவனாக அவனைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

இந்த வசந்தத்தில் கோட்டைக்குப் புதிதாக ஒரு கேப்டன் வந்தார். பதவியில் பெரியவர் எந்த வீட்டைக் கை காட்டினாலும் சின்னவர் காலி செய்ய வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். பார்க்க வந்தவருக்கு லவீனியா காப்பியும், உலர்ந்த ஆப்பிளை மாவில் பொதிந்து சுட்ட 'பை' என்ற பலகாரமும் கொடுத்தாள். அவர் ஜன்னலில் தொங்கிய சிவப்புத் திரைகளைப் பார்த்தார். இன்னொரு துண்டு பை வாங்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா, எனக்கு இந்த வீடே போதும்" என்றார்.

பக்கத்து வீட்டு டுருசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். "அடி அசடே! வீட்டைப் பிடுங்க வந்தவருக்கு யாராவது பை சுட்டுப் போடுவாங்களா? நான் கூடத்து நடுவுல வாளியை வச்சேன். எட்டிப் பாத்துட்டு ஓடியே போயிட்டார்."

"உங்க கூரை ஒழுகுதா?"

"ஒழுகறதாவது! மழை பேஞ்சே மாசமாச்சு!"

வேறு வீடு காலியில்லாததால், சாயங்காலத்துக்குள் லவீனியாவின் குடித்தனம் கூடாரத்துக்கு மாறிவிட்டது. வாசலில் சிவப்புத் திரையைத் தொங்கவிட்டாள். பெட்டி மூடியே சாப்பாட்டு மேஜை. பக்கத்தில் குதிரைகள் புல் மெல்லும் சத்தம். அவளுக்கு இது வீட்டைவிடப் பிடித்திருந்தது.

ஏமஸ்தான் தட்டிலிருந்த பன்றி இறைச்சியைத் தொடாமல் தள்ளி வைத்தான். "அடுத்த வாரம் நாங்க கிளம்பறோம். நீ ஒஹாயோவுக்கு, உங்கம்மா வீட்டுக்குப் போயிடு. கூடாரத்துல உன்னை எப்படி விட்டுட்டுப் போறது?"

"போற இடத்துல நீங்க எதுல தூங்குவீங்க?"

"இதே மாதிரி கூடாரத்துலதான்."

"சாப்பாடு?"

"இதே பன்றி இறைச்சிதான். ஏன் கேக்கறே?"

லவீனியா தட்டைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு ஒண்ணு தர்றேன்னீங்களே, அது எனக்கு இப்ப வேணும். என்னையும் கூட்டிட்டுப் போங்க."