சித்தி அணையேறிய விதம்

காலையில் தடுப்பணைக்கு மேல்பக்கம் நின்று ரேடியோ ஏரியலைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றியபோது ரிசீவர் 'டிக், டிக்' என்றது. மீன் ஆராய்ச்சிக்காரி ரிசீவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் செய்யும் அதே வைத்தியம். மறுபடியும் டிக், டிக். சித்தியின் அலைவரிசைதான், சந்தேகமில்லை.

சித்தி ஒரு மீன். முதுகுத் துடுப்பருகே மாத்திரை அளவு ரேடியோவைத் தைத்து ஆற்றில் விட்ட மீன்களுக்கு அவள் எண்கள்தான் கொடுத்திருந்தாள். எண்ணையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது என்று அவள் கணவன் உறவுமுறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். ஒரே பாறையடியில் அசையாமல் கிடந்தது பெரியப்பா. ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் படித்துறையில் பொரி போடும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவது மாப்பிள்ளை. வயிறு நிறைய முட்டையோடு போன வாரம் முழுக்க அணையில் முட்டிக்கொண்டிருந்தது சித்தி.

இந்த மீன்கள் முட்டையிட மேலே போயாக வேண்டும். குறுக்கே அணை. அவை ஏறிப்போவதற்கென்று அணையோரம் பொறியாளர் ஒருவர் தொட்டி தொட்டியாகப் படிகள் கட்டியிருந்தார். முதல் படி கொஞ்சம் உயரம். மனிதர்கள் ஏறுவதற்கு மிகவும் வசதியானது. அதை இடித்துத் தாழ்த்த வேண்டும், இதுவரை ஒரு மீன்கூட ஏறவில்லை என்பதுதான் அவள் அறிக்கை. மீன்களுக்கு முயற்சி போதவில்லை என்பது பொறியாளரின் கட்சி. மதியம் அவர் நேரில் வருகிறார். ஒன்றே ஒன்று ஏறியிருந்தாலும் ஃபைலை மூடிவிடுவார். முதல் படி அப்படியே நிற்கும்.

ஒன்று ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்தாள். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இந்நேரம் கடையில் இருக்க வேண்டியவன், தட்டு எடுத்து வைத்து, கேட்காமலே தண்ணீர் ஊற்றினான்.

"என்ன, ஏதாச்சும் நல்ல சேதி உண்டா?"

"சித்தி மேல போயிட்டா."

அது ஆச்சரியப்பட வேண்டிய இடம். அவனுக்கு ஆச்சரியம் ஒரு நொடி தாமதமாக வந்தது.

"அப்படியா. பரவாயில்லையே."

வீடு துடைக்கும் வாளி வாசலில் கவிழ்ந்திருந்தது. பளிச்சென்று கழுவியிருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவன் கழுவிய முதல் வாளி.

"ஏங்க, வாளியில எதைக் கொண்டு போனீங்க?"

அவன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். "வயித்துப் பிள்ளைக்காரி மாதிரி அது முட்டிக்கிட்டே இருக்கு. நீ தூக்கத்துல 'ஏறுடி, ஏறுடி'ன்னு பொலம்புற. ரெண்டு பேரையும் பாக்க முடியல. வலையில அள்ளி மேல விட்டேன். ஒரு நிமிஷ வேலை."

"உங்கள யாரு லிஃப்ட் வேலை பாக்கச் சொன்னா?"

"நல்லதுக்குத்தானே..."

"அந்தப் படியையும் நல்லதுக்குத்தான் கட்டினாரு. கெளம்புங்க. அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

மதியம் அணையோரம் பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். ரிசீவரில் பதிவாகியிருந்ததையும் பார்த்தார்.

"மேடம், மீன் ஏறினதுக்கு உங்க மிஷினே சாட்சி. ஏறலன்னு சொல்றதுக்கு வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இன்னிக்கு இவரு மீனைத் தூக்கினேங்கிறாரு. நாளைக்கு உங்க மாமியார் வந்து அணையையே நான்தான் தூக்கி வச்சேன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

"சத்தியமா தூக்கினேன் சார். வாளி இதுதான்." கணவன் அதைக் கையோடு கொண்டுவந்திருந்தான். மூவரும் வாளிக்குள் பார்த்தார்கள். நன்றாகக் கழுவியதன் பலன், ஒரு செதில்கூட இல்லை.

அவள் ரிசீவரை மறுபடி போட்டாள். ஏரியலை மேல்பக்கம் திருப்பினாள். சத்தமில்லை. மெதுவாகக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்தாள். டிக், டிக்.

"கொண்டுபோய் விட்ட மீனுக்குத் திசை பிடிபடாது சார். தண்ணியோட கீழ வந்துடும். வந்துடுச்சு. இப்ப முதல்லேருந்து ஏறப் பாக்கும். நின்னு பாருங்க."

நுரைக்குள்ளிருந்து சித்தி எழும்பியது. முதல் படியின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே சிமெண்டில் வயிறு பட்டு, சப்பென்று விழுந்தது.

"இன்னொரு தரம் பாப்போம்," என்றார் பொறியாளர். பேண்ட்டை முட்டிவரை ஏற்றிக்கொண்டு படியருகே குந்தினார்.

அடுத்த தடவை இன்னும் கீழே பட்டது. கணவனின் கை தன்னையறியாமல் கரையில் கிடந்த வலைக்கு நீண்டது. அவள் அவனிடமிருந்து வாளியை வாங்கி, வலையின் மேல் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பாவம்டி," என்றான் அவன், மெதுவாக.

"தெரியும்."

மறுபடியும் அந்தச் சத்தம். அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. பொறியாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தெறித்த நீரை அவர் இன்னும் துடைக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் வாளியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன, எழுந்துவிடாமல்.