தெரியாதவளைப் போல

ஒரு காலத்தில் அவள் நீச்சலில் பதக்கம் பதக்கமாகக் குவித்தவள். மாநில அணிக்குப் பயிற்சியாளராக வரச் சொல்லி வீடு தேடி வந்து கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். நொடிமுள்ளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. நகராட்சிக் குளத்தில், தண்ணீரைக் கண்டாலே வெலவெலத்துப்போகிற பெண்களுக்குக் காலை ஏழு மணி வகுப்பு எடுப்பதே போதும் என்று தோன்றியது. அம்மாதான் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வகுப்பிலேயே மூத்தவள் தையல்காரம்மா. வயது ஐம்பத்தெட்டு. மூன்று மாதமாகியும் சுவரோரக் கம்பியை விடுவதாக இல்லை.

"கண்ண மூடிக்கிட்டு ஊசில நூல் கோர்க்கச் சொல்லுங்க டீச்சர், கோர்த்துடுறேன். இந்தக் கம்பிய மட்டும் கை விட மாட்டேங்குது. சாகுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை மிதந்துடணும்."

அந்தப் புதன்கிழமை, போட்டி நடத்த இடம் பார்க்க நான்கு பேர் குளத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் ஒரு காலத்தில் டீச்சரோடு ஒரே அணியில் நீந்தியவள். இப்போது நீச்சல் சங்கத்தின் செயலாளர்.

"ஏய், நீயா! இங்க என்னடி பண்றே?"

கழுத்தில் தொங்கிய விசிலை டீச்சரின் கை தானாகச் சட்டைக்குள் தள்ளியது. "இங்க ஆலோசகரா இருக்கேன். எப்பவாவது வந்து பார்த்துட்டுப் போவேன்."

"டீச்சர்! விட்டுட்டேன் டீச்சர்! பாருங்க, பாருங்க!"

தையல்காரம்மா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கம்பி இரண்டு கை தூரத்தில் இருந்தது.

"உன்னையா கூப்பிடுறாங்க?"

"இல்ல, வேற யாரையோ" என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் திரும்பிப் பார்த்தால், தையல்காரம்மா ஈரம் சொட்டச் சொட்டப் படியேறிப் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு வகுப்புக்கும் தையல்காரம்மா வரவில்லை. டீச்சரே அவள் தையல் கடையைத் தேடிப் போனாள்.

"ஏங்க்கா வரல?"

தையல்காரம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பெரிய மனுஷங்க வந்த இடத்துல காட்டுக்கத்தல் கத்திட்டேன். என்னால உங்களுக்கு அசிங்கமாப் போச்சு. மன்னிச்சுக்குங்க டீச்சர்."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"ஐயோ, தப்பு என்னுதுக்கா. நீங்க என்னைத்தான் கூப்பிட்டீங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் திரும்பிக்கிட்டேன். என் வேலை இதுதான்னு அவகிட்டச் சொல்ல வாய் வரல."

மிஷின் நின்றது. தையல்காரம்மா நூலைக் கத்தரித்தாள்.

"மூணு மாசத்துல ஒரு தடவைதான் மிதந்தேன். அத நீங்க பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

"நாளைக்கு வாங்கக்கா" என்றாள் டீச்சர்.

"பார்க்கலாம்."

தெருவில் நின்றபடியே செயலாளருக்குப் போன் போட்டாள். "அன்னைக்குச் சொன்னது பொய். நான் ஆலோசகர் இல்ல. பயப்படுறவங்களுக்கு மிதக்கக் கத்துக்கொடுக்கிறேன். அஞ்சு வருஷமா. எனக்குப் பிடிச்சுதான் செய்யறேன்."

"சரி, அதுக்கென்ன இப்போ? நீ அன்னைக்கு என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்லடி. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்."

கூசிப்போனாள். நினைவில்கூட வைத்துக்கொள்ளாத ஒருத்தியின் கண்ணில் பெரியவளாக நிற்பதற்காகவா அந்த அம்மாவைத் தெரியாதவளாக்கினோம்?

தையல்காரம்மா மறுநாள் வந்தாள். ஆனால் பழையபடி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி கையை எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. இம்முறை டீச்சர் அவள் பக்கத்திலேயே மார்பளவுத் தண்ணீரில், கண்ணை எடுக்காமல் நின்றாள். தையல்காரம்மா சிரித்தாள், கத்தவில்லை.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் டீச்சர் தன் வேலையை ஒளிக்காமல் சொன்னாள். அது அவளுக்குக் கஷ்டமாகவும் இல்லை. அந்தப் புதன்கிழமையை நினைத்தால் மட்டும், தனியாக இருக்கும்போதுகூட, முகம் சுட்டது.