ஒரு வாளி நீலத் தண்ணீர்

வடிகால் பரிசோதகர் ஒருவர் தம் பணிக்காலத்தில் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர், பதினோராண்டு நான்கு மாதங்கள் கழித்து, மழையே இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், அவருடைய மகள் வீட்டுச் சமையலறைக்குள் வந்து முழங்காலளவு நின்றது. அதில் அவர் கலந்திருந்த நீலச் சாயம் சிறிதும் வெளுக்கவில்லை.

சாயம் கலப்பது அவருடைய துறையின் வழக்கம். புதிய குடியிருப்பு எழும்பியதும் மேட்டுப்புறக் குழியில் சாயத் தண்ணீரை ஊற்ற வேண்டும், பிறகு பள்ளத்துப்புறத்தில் வடிகால் வெளியேறும் வாய்க்கு நடந்து சென்று, நீலம் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தால்தான் கையொப்பம். வெயிலில் அரை மணி நேரம் நிற்பதைத் தம் பதவிக்கு இழுக்கென்று கருதிய பரிசோதகர், ஊற்றியதும் குழிக்குள் எட்டிப் பார்ப்பார். தண்ணீர் மறைந்ததும், "போயிடுச்சு" என்று அறிவித்துக் காரின் முன்மூடி மீதே காகிதத்தை வைத்துக் கையெழுத்திடுவார். கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதென்று நம்பும் பூனையின் கையில் அரசு முத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுவே ஆயிற்று.

அந்தத் தாழ்நிலத்தில் நான்கு நிறுவனங்கள் நான்கு குடியிருப்புகளைக் கட்டின. மழைநீர் தேங்குவதற்கென ஒதுக்கிய குட்டையை ஒருவர் நீச்சல்குளமாக்கினார். இன்னொருவர் கார் நிறுத்துமிடமாக்கினார். முதல் வரைபடம் தன் வடிகால் இரண்டாவதின் வடிகாலில் சேரும் என்றது. இரண்டாவது மூன்றாவதைக் காட்டியது. மூன்றாவது நான்காவதைக் காட்டியது. நான்காவது, சற்றும் கூசாமல், முதலாவதைக் கைகாட்டிவிட்டது. நான்கையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், தேநீர்க் கோப்பைகளுக்கே அந்த மேசையில் இடம் போதவில்லை. நான்கிலும் பரிசோதகரின் கையொப்பம் ஒரே சாய்வில் இருந்தது.

ஆகவே, அந்த வாளித் தண்ணீர் சுற்றத் தொடங்கியது. மழைதோறும் தன்னைப் போலவே வழி கிடைக்காத தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, நிறம் மாறாமல் சுற்றியது. தரைக்கடியில் யாரோ நடப்பது போன்ற ஓசை கேட்டபோதெல்லாம், மேலே குடியிருந்த பெருமக்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற பரிசோதகரோ, "நானே பாத்த எடம்மா, கண்ண மூடிட்டு வாங்கு" என்று சொல்லி, அங்கேயே ஒரு தரைத்தள வீட்டை மகளுக்கு வாங்க வைத்தார்.

தண்ணீர் வேறெந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. இறைத்தால், இறைத்த அளவே மீண்டும் ஊறியது. கதவைத் திறந்துவிட்டால், நிலைப்படியோடு கண்ணாடித் தடுப்பைப் போலச் செங்குத்தாக நின்றது; தபால்காரர் நனையாமல் கடிதம் நீட்டிவிட்டுப் போனார். மகள் துணிகளுக்கு நீலம் போட்டதே காரணமென்று குடியிருப்போர் சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. வீட்டைக் கட்டி விற்ற நிறுவனத்தின் மேலாளர் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டே, "லேசான ஈரப்பதம்தான் மேடம், பெயின்ட் அடிச்சா சரியாயிடும்" என்றார். அந்த மனையின் நீர் பதினோராண்டுகளுக்கு முன்பே வெளியேறிவிட்டதாகப் பதிவு இருப்பதால், தற்போது அங்கிருப்பது நீராக இருக்க இயலாது என்று துறை பதில் எழுதியது.

மாப்பிள்ளை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, "நீங்க மறந்துட்டீங்க மாமா, தண்ணி மறக்கல பாருங்க" என்றார். ஆறு மாதக் கர்ப்பிணியான மகள் சிரிக்கவில்லை.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு இது வெளிய வந்தத நீங்க பாத்தீங்களா?"

"உள்ள போனா வெளிய வந்துதானேம்மா ஆகணும்?"

"பாத்தீங்களான்னு கேட்டேன்."

பரிசோதகர் கூரையைப் பார்த்தார்.

"பாக்கலைன்னு எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க. என் குழந்தை இதுலயா தவழணும்?"

இரண்டு மாதங்கள் அவர் மிதிக்கவில்லை. ஒரு வரி எழுதுவதற்கு இரண்டு மாதங்கள்! பொய்ச் சான்று எழுத அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டதில்லை. கடைசியில், "நான்கு முறையும் நீலம் வெளிவந்ததை நான் பார்க்கவில்லை" என்றெழுதித் துறைக்குக் கொண்டுபோனார். அதைச் சேர்க்கத் தகுந்த கோப்பு இல்லையென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் பழைய வாளியைத் தேடி எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குச் சென்றார்; தண்ணீருக்குள் இறங்கி நின்று, அந்த வரியை உரக்கப் படித்தார். தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் வடிந்து, அவர் கால்வழியே ஏறி, முழுவதுமாக வாளிக்குள் அடங்கியது. விளிம்பில் ஒரு சொட்டும் வழியவில்லை. தரை உலர்ந்திருந்தது.

எங்கே ஊற்றுவது என்பதுதான் மிச்சம். சாலையோரக் குழியில் ஊற்றிப் பார்த்தார்; அவர் வீடு திரும்புவதற்குள் தண்ணீர் மகளின் சமையலறையில் நின்றது. மறுபடி அந்த வரியைப் படித்துத்தான் அதை வாளிக்குள் அடக்க வேண்டியிருந்தது. வாளியைக் கீழே வைத்தாலும், அருகிலுள்ள வீட்டுப் படியை நோக்கித் தண்ணீர் எட்டிப் பார்த்தது. நகரில் தண்ணீர் வெளியேறும் வாய் ஒன்றுகூட மிச்சமில்லை என்பதை, காலால் நடந்து, வாழ்வில் முதன்முறையாக அவர் முறைப்படி பரிசோதித்து முடித்தார். இதற்கிடையில் ஐந்தாவது குடியிருப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அதன் வடிகால் நான்காவதில் சேருமாம்.

வாளியோடு நடக்கும் அவருக்குத் தெருவில் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், வியப்பவர் யாருமில்லை. பேத்தி உலர்ந்த தரையில் தவழ்கிறாள். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரும்போது மகள் வாளியை வாங்கிப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை நின்றுகொண்டே இருக்கிறாள்.

"சீக்கிரம் சாப்பிடுங்கப்பா, கை கடுக்குது."