ஏழாம் கட்டிலுக்குச் சீட்டு வரவில்லை

அவளுக்குப் 'பாதைக்காரி' என்று பெயர் வைத்தவர்கள் ஆஸ்பத்திரிச் சமையலறைக்காரர்கள். அவள் ஒரு நாளும் கரண்டி பிடித்ததில்லை. வீட்டிலும் அவள் சமையலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, திறந்தால் சாப்பிட வேண்டி வரும் என்ற பயம். ஆனால் சமையலறையிலிருந்து எந்தத் தட்டு எந்தக் கட்டிலுக்குப் போக வேண்டும் என்பது அவள் எழுதும் ஒற்றை வரிகளை நம்பித்தான் இருந்தது.

விஷயம் இதுதான். மேலே வார்டில் நர்ஸ் கணினியில் 'இவருக்கு உப்பு ஆகாது' என்று பதிந்தால், கீழே சமையலறையில் அச்சு இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பும். சீட்டைத் தட்டில் ஒட்டி அனுப்புவார்கள். வார்டு மென்பொருளுக்கு ஒரு பாஷை, சமையலறை மென்பொருளுக்கு வேறொரு பாஷை. பேச்சுவார்த்தை அறுந்துபோன சம்பந்திகள் மாதிரி, நடுவில் ஒருவர் நின்று 'அவங்க இப்படிச் சொல்றாங்க' என்று எடுத்துச் சொன்னால்தான் உண்டு. அந்த நடு ஆள் அவள்.

வார்டிலிருந்து வரும் ஒவ்வொரு மெசேஜும் ஒரு மரம். கிளைக்குள் கிளை, அதற்குள் இன்னொரு கிளை. எந்தக் கிளை வழியாகப் போய் எந்த இலையைப் பறிக்க வேண்டும் என்று சொல்லும் வரிக்கு எக்ஸ்பாத் என்று பெயர், பாத் என்றால் பாதை. தப்பான வழி சொன்னால் அது சண்டை போடாது, கத்தாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்பி வந்து சும்மா நிற்கும். சமையலறை மென்பொருளோ மௌனம் சம்மதம் என்று நினைக்கிற ரகம். வெறுங்கை வந்தால் 'சாதாரண உணவு, எது வேண்டுமானாலும் கொடுக்கலாம்' என்று சீட்டு அடித்துவிடும். அதனாலேயே அவள் நடுவில் ஒரு காவல் வரியும் போட்டிருந்தாள். ஒரு மெசேஜில் உணவு என்ற கிளை சரியாக ஒன்று இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் மெசேஜை நிறுத்து, சுவரில் இருக்கும் பலகையில் சிவப்பு காட்டு, சமையலறைக்கு மணி அடி. மணி அடித்தால் தலைமைச் சமையல்காரர் வார்டுக்குப் போன் போட்டு வாயாலேயே கேட்டுக்கொள்வார்.

இப்போது வார்டு மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருந்தது. மறுநாள் காலை திறப்பு. ஆஸ்பத்திரி இயக்குநர் வருகிறார், கேக் சொல்லியாகிவிட்டது.

புதிய பதிப்பில் ஒரு புதுமை. குழந்தைகள் வார்டில் பிள்ளையோடு தங்கும் துணையாளுக்கும் இனி சாப்பாடு உண்டு. நல்ல காரியம். ஆனால் அதையும் அதே மெசேஜில், அதே 'உணவு' என்ற பெயரில் வைத்திருந்தார்கள். ஒன்று நோயாளி வீட்டு உணவு, இன்னொன்று துணையாள் வீட்டு உணவு. கிளையின் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி ஒட்டியிருக்கும் அந்த வீட்டுப் பெயரைச் சேர்த்துப் படித்தால்தான் எது யாருடையது என்று தெரியும். பாதைக்காரி வீட்டுப் பெயரோடு சேர்த்தே வரியை எழுதி, காவல் வரியும் நோயாளி வீட்டு உணவை மட்டும் எண்ணும்படி அதிலேயே மாற்றி, மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

ஒப்புதல் வரவில்லை. வந்தவர் ஆலோசகர். மென்பொருள் விற்ற நிறுவனம் அனுப்பிய மனிதர். காலர் கலையாத சட்டை, கேள்வி கேட்டால் முதலில் சிரிப்பு. அவர் எழுதிய வரி ரொம்பச் சின்னது. வீட்டுப் பெயரைப் பார்க்காதே, உணவு என்று எது முதலில் கண்ணில் பட்டாலும் அதை எடு.

"வீட்டுப் பேர்ல பதிப்பு எண்ணும் இருக்கும்மா. ஒவ்வொரு பதிப்புக்கும் அது மாறும். உங்க வரியை ஒவ்வொரு தடவையும் மாத்தணும், மறுபடி சோதனை பண்ணணும். என் வரியைத் தொடவே வேணாம்" என்றார்.

பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சல். பாதைக்காரி பெரியவர்கள் வார்டுகளின் மாதிரி மெசேஜ்களை அவர் வரியில் ஓட்டிப் பார்த்தாள், எல்லாம் சரி. குழந்தைகள் வார்டில் இப்போது இருப்பவர்களின் மாதிரியை ஓட்டினாள். ஏழாம் கட்டில், ஒரு சின்னப் பெண். பால் கூடாது, பாலில் செய்த எதுவும் கூடாது, தொண்டை வீங்கிவிடும். ஆலோசகரின் வரி எடுத்துக்கொடுத்தது: 'எதுவும் சாப்பிடலாம்.'

அது அந்தப் பெண்ணின் அம்மாவுடைய உணவு. குழந்தையைச் சேர்க்கும்போது கையெழுத்துப் போடுவது பெரியவர்தானே, அதனால் அந்த வார்டில் மட்டும் மென்பொருள் துணையாளை முதலில் எழுதுகிறது. முதலில் கண்ணில் பட்டதை எடு என்றால் அம்மாவின் தட்டு பிள்ளைக்குப் போகும்.

அவள் மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். ஆபீசில் 'சார்', வீட்டில் 'அத்தான்'. இந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அந்த ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். இதையெல்லாம் அவர் வாயால் சொன்னதில்லை. அவர் அறைக்கதவு சொல்லும், நாற்காலி சொல்லும்.

"சார், என் வரிக்கு ஒப்புதல் குடுங்க. இல்லன்னா திறப்பைத் தள்ளி வைங்க."

"அதைச் சோதனை பண்ண எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரம்."

"நாளைக்கு இயக்குநர் வர்றாரு. ஆலோசகரோட வரிக்கு நான் காலையிலயே ஒப்புதல் குடுத்துட்டேன்."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

அவர் கதவைப் பார்த்தார். மூடியிருந்தது. குரலைத் தணித்தார். "இங்க பாரு, பதினாலு வார்டுல ஒரு வார்டு. அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம். அதுவரைக்கும் அந்தக் காவல் வரியை எடுத்துடு. பலகையில சிவப்பு வரக் கூடாது."

"காவல் வரியை எடுத்தா பலகை பச்சையாத்தான் இருக்கும். பாப்பாவுக்கும் பால் போகும்."

"நர்ஸ் பார்த்துக்குவாங்க."

"நர்ஸ் சரியாத்தானே பதிஞ்சிருக்காங்க! அவங்க பதிஞ்சதை நடுவுல தொலைக்கிறது நாமதான். நான் எடுக்க மாட்டேன் சார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னால்கூட ஏதோ சாமர்த்தியம் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளலாம். இவர் பூசணிக்காய்க்குப் பச்சைச் சாயம் அடிக்கச் சொல்கிறார். அவளுக்குக் கோபத்தில் காது சுட்டது. பயமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் முன்னால் நின்றது, பயம் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் பேருந்திலேயே அக்காவின் போன் வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தான் கொட்டித் தீர்த்திருப்பார் போல.

"ஏன்டி இப்படிப் பண்றே? அவரு மூஞ்சியே சரியில்ல."

"அக்கா, அவரு பண்றது தப்பு."

"தப்பா இருந்துட்டுப் போகட்டுமே. நீ சொல்லிட்டே இல்ல, அதோட விடு. அவரு இடத்துல அவரை மதிக்கணும்டி. அவரால வந்த வேலை அது."

"அவரால வந்த வேலைதான். அதுக்காக அவருக்காகத் தப்பு பண்ணணுமா?"

"பிடிச்ச முயலுக்கு மூணே காலு உனக்கு. சின்னதுல இருந்தே இப்படித்தான்."

"முயல் காலை எண்ணிப் பார்த்துட்டுத்தான்கா சொல்றேன். இது நாலு காலு. அவங்கதான் மூணுன்னு எழுதச் சொல்றாங்க."

அக்கா போனை வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகும் பாதைக்காரியின் கையில் போன் அப்படியே இருந்தது. அக்கா கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை பாதைக்காரி வேலை செய்யும் அறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மேசைகளை ஓரமாகத் தள்ளி, கேக்கை நடுவில் வைத்திருந்தார்கள். பலகையை யாரோ துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். இயக்குநர் வந்தார், நாலு வார்த்தை பேசினார், ஆலோசகர் சிரித்தார், அத்தான் ஒரு பொத்தானை அழுத்தினார். பெரியவர்கள் வார்டுகளின் மதிய உணவு மெசேஜ்கள் வரிசையாகப் பாய்ந்தன. பச்சை, பச்சை, பச்சை. கைதட்டினார்கள்.

பிறகு குழந்தைகள் வார்டின் முறை வந்தது. மெசேஜ்கள் ஒன்றுவிடாமல் காவல் வரியில் முட்டி நின்றன. பலகையின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவந்துபோனது. உடனே தொலைபேசி அடித்தது. அத்தான் எடுப்பதற்குள் ஆலோசகர் அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானைத் தட்டிவிட்டார்.

"ஏழாம் கட்டிலுக்குச் சீட்டு வரலையே. எட்டுக்கும் வரல. குழந்தைங்க வார்டுக்கு ஒண்ணுமே வரலம்மா. மணி மட்டும் அடிக்குது" என்றது தலைமைச் சமையல்காரரின் குரல்.

"வார்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கண்ணே, ஒவ்வொரு கட்டிலா. கேட்காம எதையும் அனுப்பாதீங்க" என்றாள் பாதைக்காரி, இடத்தைவிட்டு எழாமல்.

"சாப்பாடு தாமதமாகுமே?"

"ஆகட்டும்ணே."

இயக்குநர் பலகையையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன நடக்குது?"

"சின்னத் தடங்கல் சார். பழைய வரி ஒண்ணு நடுவுல நிக்குது. எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றார் ஆலோசகர்.

அத்தான் அவள் மேசைக்கு வந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் மரியாதை வார்த்தைகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "காவல் வரியை எடுங்க."

"முடியாது சார்."

"இது உத்தரவு."

அவள் எழுந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "உங்களுக்கும் அதிகாரம் இருக்கு. நீங்களே எடுங்க."

அவர் உட்கார்ந்தார். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தார். நீக்கு என்று அழுத்தியதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. எல்லா நீக்கத்துக்கும் வருவதுதான், யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. நீக்குபவர் பெயர், காரணம். பெயரை இயந்திரமே எழுதியிருந்தது. காரணம் என்ற இடத்தில் கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"எழுதுங்க, நான் சொல்றேன்" என்றாள் பாதைக்காரி. குரல் அறைக்கே கேட்டது. "ஏழாம் கட்டில்ல இருக்கற பாப்பாவுக்குப் பால் ஆகாது. மெசேஜ்ல அப்படித்தான் இருக்கு, அதோ, நீங்களே பாருங்க. பக்கத்துலயே அவங்கம்மாவுக்கு எதுவும் ஆகும்னு இருக்கு. அம்மா தட்டு பாப்பாவுக்குப் போகட்டும், பலகை பச்சையா இருக்கட்டும், அதுக்காக எடுக்கிறேன்னு எழுதுங்க, அத்தான்."

அந்தக் கடைசி வார்த்தை ஆபீசில் இதுவரை ஒலித்ததில்லை. வாய் தவறி வந்ததல்ல அது. வேண்டுமென்றேதான் சொன்னாள்.

அத்தான் அந்த மெசேஜை முதல் தடவையாகப் படித்தார். மேலிருந்து கீழ்வரை, உதடு அசைய. விரல்கள் விசைப்பலகை மேல் இருந்தன. பிறகு மடியில் இருந்தன.

"நீங்க எடுக்கறீங்களா?" என்று அவர் ஆலோசகரைக் கேட்டார்.

ஆலோசகர் வழக்கம்போல முதலில் சிரித்தார். பிறகு, "எனக்கு இந்த சிஸ்டத்துல அனுமதி இல்லையே" என்றார். வந்த நாளிலிருந்து அனுமதி இல்லாமலா அவர் வரி எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை.

இயக்குநரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியேறினார். கேக்கை வெட்ட மறந்துபோனார்கள்.

அன்று முழுக்கப் பலகையின் கீழ்ப்பாதி சிவப்பாகவே இருந்தது. தலைமைச் சமையல்காரர் கட்டில் கட்டிலாகப் போன் போட்டுக் கேட்டு, கையாலேயே சீட்டு எழுதினார். மதியச் சாப்பாடு ரொம்பத் தாமதம். வார்டிலிருந்து புகார் மேல் புகார் வந்தது, எல்லாவற்றையும் பாதைக்காரியின் தலையில் கட்டினார்கள். சாயங்காலம் அத்தான் அவள் மேசைப் பக்கம் வராமலே, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று இரண்டு வரியில் மெயில் அனுப்பினார். அவள் அதைப் படித்துவிட்டு, சரி என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாள். அதற்கடியில் இன்னொன்றும் சேர்த்தாள்: என் வரி இன்னும் உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

பையைத் தோளில் மாட்டும்போது அக்காவின் போன். எடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி எடுத்தாள். இந்த வசவையும் வாங்கிவிட்டால் இன்றைய கணக்கு முடிந்தது.

"அவரு வந்துட்டாரு. சட்டையைக்கூடக் கழட்டல. தட்டு வெச்சேன், தொடல. சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. கேட்டா, உன் தங்கச்சியைக் கேளுங்கறாரு."

பாதைக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் தட்டு, பாப்பாவின் தட்டு, கண்சிமிட்டிய கோடு, மெயில். வேலை போனதையும் சொன்னாள். நாளைக்கும் பலகை சிவப்பாகத்தான் இருக்கும், அவர் அந்த வரியைப் படித்து ஒப்புதல் கொடுக்கும்வரை சிவப்பாகத்தான் இருக்கும் என்றாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அக்கா பக்கம் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது.

"அந்தப் பாப்பா சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சுக்கா. லேட்டாத்தான். ஆனா பால் இல்லாம."

"அப்ப சரி" என்றாள் அக்கா. "இவரும் லேட்டாச் சாப்பிடட்டும்."