நேற்றே நடத்திய பாடம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு 'மியூட்' என்று பட்டப்பெயர். பேராசிரியை உட்கார்ந்து பார்க்க, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டிய நாளில், சாக்பீஸும் கையுமாக நின்றாளே தவிர வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. கூடப் படிக்கிறவர்கள் பெயர் வைப்பதில் மட்டும் படு கெட்டிக்காரர்கள். இன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு. இதிலும் வாயடைத்துப் போனால் படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அத்தானின் செல்போன் கடையில் உட்கார்ந்துவிடுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தாள். அத்தான் அதற்குள் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். தங்கமான மனிதர்தான், ஆனால் இவளால் முடியாது என்பதில் அவருக்கு அப்படியொரு உறுதி.

அதனால் அவள் ஒரு தகிடுதத்தம் செய்தாள். பாதி பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா என்ற பாடத்தை, நேற்றே அதே வகுப்பில் ஒரு வரி விடாமல் நடத்தி ஒத்திகை பார்த்துவிட்டாள்.

"நாளைக்கும் இதையேதான் கேப்பேன். புதுசா கேக்கற மாதிரி இருக்கணும், சரியா?"

பிள்ளைகள் பலமாகத் தலையாட்டினார்கள். எட்டு வயது வாண்டுகளை நம்பி யாராவது ரகசியம் சொல்வார்களா? இவள் சொன்னாள்.

பேராசிரியை கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். மியூட் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை.

"பாதிதான் பெருசு மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே…"

"கேக்கப் போறீங்கல்ல மிஸ்!"

பின்னால் ஓர் இருமல் கேட்டது. இருமலோ சிரிப்போ, யார் கண்டது? இன்றைக்கும் வெறும் காற்றுதான் வரும்போலிருந்தது. எதையாவது கேட்டாக வேண்டுமே என்று முன்னால் இருந்த ரெட்டைச் சடைக்காரியைக் கேட்டாள்.

"ஏன் பாதி பெருசு?"

"நீங்கதான் நேத்து சொன்னீங்க."

"நான் சொல்லலேன்னா?"

"அப்ப மூணுல ஒண்ணுதான் பெருசு. ரெண்டைவிட மூணு பெருசுல்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தக் கோரஸை நம்பியா நேற்று அக்காவிடம் போனில் அவ்வளவு பீற்றிக்கொண்டாள்? வெட்கத்தில் பேராசிரியை இருப்பதே மறந்துபோனது. ஒரு தாளை இரண்டாகவும், அதே அளவுள்ள இன்னொன்றை மூன்றாகவும் கிழித்து மேசையில் வைத்தாள்.

"இது சாக்லேட்னு வெச்சுக்கோ. எதுல உனக்குப் பங்கு வேணும்?"

"மூணு துண்டு இருக்கே, அதுல."

"மூணும் உனக்கில்லடி. ஒண்ணுதான்."

சடைக்காரி பாதித் துண்டையும் மூன்றில் ஒரு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். "ஐயோ, ஆளு கூடினா எனக்குக் கொறையுது!"

வகுப்பில் ஒரே அமளி. ஆளாளுக்குத் தாளைக் கிழித்தார்கள். ஜன்னலோரக் கண்ணாடிக்காரி மட்டும் மூன்று துண்டுதான் லாபம் என்று கடைசிவரை ஒற்றைக்காலில் நின்றாள். மணி அடித்துவிட்டது.

வராந்தாவில் பேராசிரியை கேட்டார். "நேத்தே நடத்திட்ட, இல்லையா?"

"ஆமா மேடம்." எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆரம்பத்துல நடந்த கூத்துக்கு மார்க் கிடையாது."

"சரி மேடம்."

"பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்க உன்னால முடியும்னு நீ நினைக்கிறியா?"

அவள் கண் வகுப்பறைப் பக்கமே இருந்தது. "அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணுக்கு இன்னும் புரியல மேடம். தண்ணியும் டம்ளரும் வெச்சு நாளைக்குச் சொல்லிப் பாக்கறேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொல்லிட்டேனே மேடம்."