வெளித் தாழ்ப்பாள்

அந்த ஊர்க் கோடைச் சந்தைக்கு ஒரு விதி உண்டு. சேருகிற பணம் முழுவதும் ஒரே ஒரு நல்ல காரியத்துக்குத்தான் போகும். முன்பெல்லாம் எல்லோருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்து, யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையாக ஒருவருக்கும் உதவாமல் போனது. அதனால் இந்த ஏற்பாடு. வாசலில் ஆளுக்கொரு சட்டைப் பட்டன் கொடுப்பார்கள். உள்ளே மேஜைமேல் மூன்று கண்ணாடி ஜாடிகள் இருக்கும். பணம் யாருக்குப் போக வேண்டுமென்று நினைக்கிறோமோ அந்த ஜாடியில் பட்டனைப் போட வேண்டும். எந்த ஜாடி உயர நிரம்புகிறதோ அதற்கே மொத்தமும். சீட்டு எழுதுவது, எண்ணுவது என்ற வம்பெல்லாம் கிடையாது, கண்ணால் பார்த்தால் போதும்.

இந்த வருடம் ஒரு ஜாடியில் ஆம்புலன்ஸ் படம், ஒன்றில் பள்ளிக்கூட நூலகத்தின் படம், மூன்றாவதில் பகல் வீட்டின் படம்.

சந்தைக்குப் பட்டன் கொடுத்தவள் பட்டனக்கா. சட்டை ஃபேக்டரியில் பட்டன் தைக்கிற மெஷினிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, அவளுடைய சொந்தப் பெயர் ஊருக்கே மறந்துவிட்டது. கழித்துப் போட்ட பட்டன்களைச் சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கி, வெள்ளை, கறுப்பு, நீலம் எனக் கலந்துகட்டி ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். புண்ணியமாகப் போகட்டும் என்றுதான் கொடுத்தாள். நல்லது செய்யப் போகிறவளுக்குத்தானே இந்த உலகம் குழி வெட்டி வைக்கும்!

அவளுக்கு ஒரே மகள். வயது இருபத்தாறு, இன்னும் எல்லோருக்கும் பாப்பாதான். உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. அது தெரிந்தவுடன் தகப்பன்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. பாப்பாவைத் தனியே விட்டாலோ தெருவில் இறங்கி நடந்துகொண்டே இருப்பாள். ஒருமுறை லாரிச் சக்கரத்துக்குத் தப்பியது மயிரிழையில். வேறு வழியில்லாமல் அறைக்கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்தாள். பெற்ற பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவளின் வயிறு எரிவதை யாரிடம் சொல்வது? சாயங்காலம் வந்து திறந்தால் பாப்பா கதவோரமாகவே உட்கார்ந்திருப்பாள். கதவின் அடியில் நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் போய் மரம் தெரிந்தது.

பகல் வீடு வந்த பிறகுதான் அந்தக் கொடுமை தீர்ந்தது. டீச்சர் ஒருத்தி பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, பாப்பாவைப் போன்றவர்களைப் பகல் முழுக்க வைத்துப் பார்த்துக்கொண்டாள். பட்டனக்கா அன்றைக்கே தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணி போன ஓட்டைகளில் சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டாள். இப்போது வீட்டுக்காரர் அந்த வீட்டை விற்றுவிட்டார். வேறு இடம் பிடிக்க டீச்சரிடம் முன்பணம் இல்லை. சந்தைப் பணம் வந்தால் பகல் வீடு பிழைக்கும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூடல். பட்டனக்காவின் உயிரே அந்த மூன்றாவது ஜாடியில்தான் இருந்தது.

ஜாடியும் மோசம் செய்யவில்லை. மதியத்துக்கு மேல் பகல் வீட்டு ஜாடி மற்ற இரண்டையும்விட நாலு விரல் உயர்ந்து நின்றது. சந்தையில் தன் பொறுப்பிலிருந்த டீக்கடையில் நின்றபடியே பட்டனக்கா அதை எட்டி எட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

ஜாடி மேஜைக்குக் காவல் போஸ்ட் மாஸ்டர். ரிட்டயரான பிறகும் விறைப்பு குறையாதவர். கயிறு இழுக்கும் போட்டிக்கு நடுவர் வராததால் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அக்கா, இங்க கொஞ்சம் பாத்துக்கங்க. இதோ வந்துடறேன்."

"போங்க சார், நான் இருக்கேன்."

அவள் வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் டீ பாய்லர் பொங்கி வழிகிறதென்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் பாப்பா நின்றிருந்தாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, "இங்கயே உக்காரு. பாத்துக்கோ, என்ன? அம்மா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. பகல் வீட்டில் நாலு வருடமாகப் பாப்பா கற்றது ஒரே வேலை. கலந்து கிடக்கும் பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்து டப்பாக்களில் போடுவது. முதல் வருடம் வாயில் போட்டாள், இரண்டாம் வருடம் விட்டெறிந்தாள். அப்புறம் கை படிந்தது. பிரித்து முடித்ததும் "முடிஞ்சது" என்பாள். சுற்றியிருப்பவர்கள் கைதட்ட வேண்டும், தட்டாவிட்டால் விடமாட்டாள். அந்த வேலைக்கும் பட்டன் கொண்டுபோய்க் கொடுத்தவள் இதே அம்மாதான். மேஜை, பட்டன், மூன்று ஜாடி, மூன்று நிறம், "பாத்துக்கோ" என்ற அம்மாவின் வார்த்தை. பாப்பா வேறென்ன செய்வாள்?

பட்டனக்கா டீ ஊற்றிக்கொண்டே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவே பாப்பாவின் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறாளே என்று நிம்மதிப்பட்டாள்.

கயிறு அறுந்து, ஒரு கட்சி மல்லாக்க விழுந்து, ஊரே சிரித்து முடித்த நேரத்தில் பாப்பாவின் குரல் கணீரென்று கேட்டது.

"முடிஞ்சது!"

ஆம்புலன்ஸ் ஜாடியில் கறுப்பு. நூலக ஜாடியில் நீலம். பகல் வீட்டு ஜாடியில் வெள்ளை, கழுத்து வரைக்கும். அந்த ஃபேக்டரியில் தைப்பது முக்கால்வாசி வெள்ளைச் சட்டை. கழிபடுவதும் வெள்ளைதான் அதிகம். படத்தைப் பார்த்துத் தன் இடமென்று தெரிந்துகொண்டாளோ என்னவோ, தனக்குப் பிடித்த வெள்ளையை அதில் போட்டிருந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. பாப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "முடிஞ்சது" என்று மறுபடியும் சொன்னாள்.

பட்டனக்கா ஓடி வந்தாள். "சார், எங்க ஜாடிதான் மேல இருந்துச்சு. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்க்கா," என்றார் போஸ்ட் மாஸ்டர். "ஆனா கடைசி வரைக்கும் பாக்கலயே. இன்னும் பாதிப் பேர் போட வேண்டியிருந்துது. போட்டாங்களா, எதுல போட்டாங்க, எனக்கெப்படித் தெரியும்?"

"திரும்பப் போடச் சொல்லுங்க."

"பக்கத்து ஊர்க்காரங்க பஸ் ஏறிட்டாங்களே."

மருந்துக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போன வருடம் ஆம்புலன்ஸ் வர நேரமாகி அவர் மனைவி வீட்டு வாசலிலேயே போய்ச் சேர்ந்தாள். அவர் வலி அவருக்கு.

"காவலுக்கு இருந்தது யாரு? நீங்க. உக்கார வச்சது யாரை? உங்க பொண்ணை. இப்ப நிறைஞ்சிருக்கறது எது?"

"அவளுக்குச் சூது வாது தெரியாதுங்க அண்ணே."

"அவளுக்குத் தெரியாதும்மா. உங்களுக்குத் தெரியும்ல?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இத்தனை வருடம் பழகிய முகங்களில் ஒன்றாவது "அப்படியெல்லாம் இல்லப்பா" என்று சொல்லுமென்று பார்த்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு ஊர் வாய் தானாகவே மூடிக் கிடந்தது.

டீச்சர்தான் முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எங்க ஜாடிய எடுத்துடுங்க சார். இந்த ஒரு தடவை மத்த ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியாக் குடுத்துடுங்க. திருட்டுப் பட்டத்தோட வர்ற பணத்துல இந்தப் பிள்ளைங்கள உக்கார வைக்க மாட்டேன்."

"டீச்சர், வேண்டாம் டீச்சர்" என்று பட்டனக்கா அவள் கையைப் பிடித்தாள். "என்னை என்ன வேணா சொல்லிக்கட்டும். நீங்க வேணாம்னு சொல்லாதீங்க."

டீச்சர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் சொன்னதையும் மாற்றவில்லை. வெண்ணெய் திரண்டு வந்த நேரத்தில் தாழி உடைந்தது. உடைத்த கையைத் திட்டவும் முடியாது. அந்தக் கைக்கு அவ்வளவு பாடுபட்டு வேலை சொல்லிக்கொடுத்ததே அந்தத் தாழிதான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாப்பா உர்ரென்று வந்தாள். கோபம் அவளுக்கு. செய்த வேலைக்கு யாரும் கைதட்டவில்லையே.

மாதம் முடிந்தது. பகல் வீட்டில் பூட்டுத் தொங்கியது.

மறுநாள் காலை பட்டனக்கா பரண்மேலிருந்து பழைய தாழ்ப்பாளை எடுத்தாள். துரு ஏறியிருந்தது, எண்ணெய் விட்டுத் துடைத்தாள். திருகாணிகளைத் தரையில் கொட்டிவிட்டு, கதவு ஓட்டைகளிலிருந்த சோப்பை ஆணியால் குத்தி எடுத்தாள். பாப்பா பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நீளத் திருகாணியை ஒரு பக்கம், குட்டையை ஒரு பக்கம் எனப் பிரித்து வைத்தாள். அம்மா கை நீட்டும்போதெல்லாம் சரியானதை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"முடிஞ்சது" என்றாள் பாப்பா.

பட்டனக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். பாப்பா கலகலவென்று சிரித்தாள்.

"உள்ள போ கண்ணு. பட்டன் வச்சிருக்கேன் பாரு, டப்பாவும் இருக்கு. அம்மா சாயங்காலம் வந்துடுவேன்."

பாப்பா சந்தோஷமாக உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தபோது அது புதிதுபோலச் சுலபமாக நகர்ந்தது.

பஸ் நிறுத்தம் வீட்டு வாசலுக்கு எதிரேதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "முடிஞ்சது!" அவள் அங்கிருந்தே, உள்ளே கேட்கும்படி ஓங்கிக் கைதட்டினாள். நின்றிருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பாப்பா டப்பாக்களைக் கவிழ்த்துக் கொட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "முடிஞ்சது!" மறுபடியும் தட்டினாள்.

மூன்றாவது முறை குரல் வந்தபோது, தட்டுவதற்குக் கையைத் தூக்குமுன் பஸ் வந்து நின்றது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.