நெசத்தை எழுதுங்க, தனபால்

கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிறேன். பெயர் ஜெயக்கொடி. பிறத்தியார் வயிற்றைப் பற்றிப் பேசியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. உயரமான மலைகளில் ஏறுகிறவர்களின் குடல் என்ன ஆகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. உயரம் கூடக் கூடப் பசி செத்துப்போகும். குடலுக்குப் போகிற ரத்தம் குறையும், உள்ளே இருக்கிற காற்று உப்பிக்கொள்ளும். இங்கே கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆள் அங்கே கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று என் துறைத் தலைவி கேட்காத வாரம் இல்லை.

நம் பக்கத்தில் மலையேறுகிறவர்கள் கிடைப்பதே அபூர்வம். சூலூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவைத் தேடிப் பிடித்தேன். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற பிராங்க் அதற்குத் தலைவர். அந்த ஐந்து பேரில் ஆராய்ச்சிக்கு உடனே சரி என்றவர் தனபால் ஒருவர்தான். வயது நாற்பத்து மூன்று, விசைத்தறி வைத்திருக்கிறார். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பார். அந்தச் 'சரிங்க'வை நம்பியதுதான் நான் செய்த முதல் தப்பு.

போன வருஷம் அவர்கள் லடாக்கில் ஏழாயிரம் மீட்டர் தாண்டிய ஒரு சிகரத்துக்குப் போனார்கள். கம்பும் கொள்ளும் நிலக்கடலையும் வறுத்து அரைத்து, என் கையாலேயே இரண்டு கிலோ உருண்டை பிடித்துக் கொடுத்தேன். நார்ச்சத்து இருந்தால் குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் பிழைத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தேன். தினமும் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, வயிறு எப்படி இருந்தது என்று அதில் எழுதவேண்டும்.

பாதி மலையில் வயிற்றுப்போக்கு வந்து தனபால் திரும்பிவிட்டார். நோட்டைப் பார்த்தேன். "காலை நாலு உருண்டை, மத்தியானம் மூன்று, வயிறு நன்றாக உள்ளது" என்று முத்து முத்தான கையெழுத்து. கடைசி நாலு நாள்தான் வயிறு கெட்டிருந்தது. அப்படியானால் உருண்டையில் தப்பில்லை, தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். அதைக் கட்டுரையாக எழுதி ஒரு கருத்தரங்கில் வாசிக்கவும் செய்தேன். கைதட்டினார்கள்.

இந்த ஜனவரியில் வேறு வேலையாகச் சூலூர் போனவள், அப்படியே தனபால் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி புவனா சோறு போடாமல் விடவில்லை. ஊறுகாய் எடுக்க அலமாரியைத் திறந்தபோது என் டப்பா கண்ணில் பட்டது. எடுத்துத் திறந்தேன். முக்கால் டப்பா உருண்டை அப்படியே காறல் நாற்றத்தோடு கிடந்தது.

புவனாவுக்கு ஒளிக்கத் தெரியவில்லை. "ரெண்டு நாள்தானுங்க தின்னாரு. வவுறு கல்லாட்டம் உப்பிப்போச்சுங்களாம். நீங்க செஞ்சு குடுத்ததைத் தூக்கிப்போட மனசு வரலைன்னு திருப்பிக் கொண்டாந்துட்டாருங்க" என்றாள்.

ஒரு மனுஷன் ஒன்றரைக் கிலோ உருண்டையை ஆறாயிரம் மீட்டர் உயரம் வரை சுமந்து ஏறி, தின்னாமல், மரியாதைக்காகத் திரும்பவும் சுமந்து இறங்கியிருக்கிறார். அங்கே ஒவ்வொரு கிராமுக்கும் மூச்சு வாங்கும். உருண்டையைத் தொடாமல் டீயிலும் பிஸ்கட்டிலும் நாளை ஓட்டியிருக்கிறார். நோட்டு முழுக்கப் பொய். என் கட்டுரையும் அந்தப் பொய்தான்.

தறிக்கூடத்தில் இருந்து வந்தவரை நிற்கவைத்துக் கேட்டேன். "கஷ்டப்பட்டுச் செஞ்சு குடுத்தீங்க. தின்னலைன்னு எழுதுனா மனசு சங்கடப்படுவீங்கன்னு..." என்று இழுத்தார். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொல்கிற பழக்கம். நானும் இந்த ஊர்க்காரிதான், அந்தப் பழக்கம் எனக்குத் தெரியாதா? ஆனால் ஆராய்ச்சி நோட்டிலுமா? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க இன்னும் எரிச்சல் கூடியது.

ஜூலையில் அதே சிகரத்துக்கு மறுபடி போவதாக இருந்தார்கள். தனபாலுக்கு முழங்கால் தேய ஆரம்பித்துவிட்டது. இதுதான் கடைசி, இதற்கப்புறம் மலைப்பேச்சே கூடாது என்று புவனா சத்தியம் வாங்கியிருந்தாள். இந்தத் தடவை உச்சியில் கால் வைக்காவிட்டால் அப்புறம் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் மாற்றினேன். நார்ச்சத்தைக் குறைத்தேன். பொரியை மாவாக்கி வெல்லம் சேர்த்தது, அவித்த உருளைக்கிழங்கு, உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி, அவ்வளவுதான். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினைந்து கிலோ மூட்டையோடு மருதமலைப் படி ஏறவைத்து, ஏறிய கையோடு அதையே சாப்பிடவைத்துப் பழக்கினேன். இதற்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனையும் போட்டேன். தினமும் சாயங்காலம் நோட்டைப் பிராங்க்கிடம் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும்.

"நெசத்தை எழுதுங்க, தனபால். எனக்கு அது போதும்" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார்.

ஆகஸ்டில் திரும்பி வந்தார்கள். ஐந்து பேரில் நாலு பேர் உச்சி தொட்டிருந்தார்கள். தொடாத ஒருவர் தனபால்.

பாராட்டு விழாவில் ஆதர்ஷைப் பிடித்து விசாரித்தேன். குழுவிலேயே சின்னவன் அவன். நோட்டும் வேண்டாம் கீட்டும் வேண்டாம் என்று என் ஆராய்ச்சியில் சேராமல் நழுவியவன். கடைசி முகாமில் தனபாலுக்கு வயிறு போனதாம். அதை நோட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டியிருக்கிறார். பிராங்க் படித்துவிட்டு, நாளைக்கு நீ ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தலைவர் செய்யவேண்டியதைத்தான் செய்திருக்கிறார்.

"எனக்கும் அன்னிக்கு நாலு தடவை போச்சுங்க. நான் மூச்சே உடலை. காலையில எந்திரிச்சு ஏறிப்போட்டேன்" என்று சிரித்தான் ஆதர்ஷ். அவனை அறையலாம் போல இருந்தது. அறைந்து என்ன ஆகப்போகிறது?

மறுவாரம் தனபால் கல்லூரிக்கே வந்தார். இளைத்திருந்தார், மூக்கு கறுத்துத் தோல் உரிந்திருந்தது. பையில் இருந்து நோட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். புரட்டினேன். உளுந்தளவுகூடப் பொய் இல்லை. ஐந்தாயிரம் மீட்டர் வரை வயிறு அருமையாக இருந்திருக்கிறது. வாயு இல்லை, வலி இல்லை. எவ்வளவு தின்றார், எவ்வளவு மிச்சம் வைத்தார், எத்தனை தடவை ஒதுங்கினார் என்று எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் "கஞ்சி ரெண்டு மடக்கு. வாந்தி. வயிறு மூன்று தடவை போனது" என்றிருந்தது. கீழே பிராங்க்கின் கையெழுத்து. பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு நோட்டு என் கைக்கு வந்ததில்லை. வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் சந்தோஷத்தில் துள்ளியிருப்பேன்.

முகாமில் இருந்து உச்சி தெரிந்ததா என்று கேட்டேன். நல்லாத் தெரிந்தது என்றார். அவர்கள் நாலு பேரும் ஏறுவது எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்ததாம். கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டுத்தான் இறங்க ஆரம்பித்தாராம். பிறகு கேட்டார்.

"ஏனுங் மேடம், அன்னிக்கு அதை எழுதாம உட்டிருந்தா நான் ஏறியிருப்பனுங்களா?"

உயிருக்கே ஆபத்தாகியிருக்கும், நல்லவேளை இறங்கினீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் சூலூரில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் நோட்டைப் பார்த்தேன். மூன்று தடவை. ஆதர்ஷுக்கு நாலு.

"ஏறியிருப்பீங்க" என்றேன்.

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்" என்றார். எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டு, வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.